காலால் வாசிக்கும் கிதார்

பாவூர்சத்திரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் அம்மன் கொடை என்றால் வில்லுப்பாட்டும் உண்டு. மெல்லிசைக் கச்சேரியும் உண்டு. வில்லுப்பாட்டுக்குப் பெரியவர்கள் பாய் விரித்து முன்னால் உட்காருவார்கள். மெல்லிசைக்கு இளவட்டங்கள் பின்னால் நின்றுகொண்டே கேட்பார்கள். பாடகரின் குரல் கொஞ்சம் இறங்கினால்கூட இவர்கள் பொறுத்துக்கொள்வதுண்டு. ஆனால், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வருகிற கிதார் சினிமாவில் கேட்டபடி வரவில்லையென்றால் பொறுக்கமாட்டார்கள். "என்னடே, தகரத்தைத் தட்டுத மாதிரில்லா இருக்கு!" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் கிளம்பிவிடும்.

கிதார் வாசிப்பவர் விரலில் பிழை செய்திருக்கமாட்டார். சுரம் சரி, தாளம் சரி. குறை அவருடைய காலடியில் இருக்கிறது. மேடையில் அவருக்கு முன்னால் சோப்புப் பெட்டி அளவில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக நாலைந்து இரும்புப் பெட்டிகள் வரிசையாகக் கிடப்பதை முன்வரிசைக்காரர்கள் கவனித்திருக்கலாம். அவற்றை அவர் அவ்வப்போது காலால் மிதிப்பார். இவைதான் 'எபெக்ட்ஸ் பெடல்'கள். மின்சாரக் கிதாரின் குரலில் பாதி கையால் ஆவது. மறு பாதியை இந்தப் பெட்டிகளும் ஆம்ப்ளிபையரும் ஒலிபெருக்கியும் சேர்ந்து செய்கின்றன.

சத்தம் எங்கே பிறக்கிறது?

வீணைக்குக் குடம் உண்டு. சாதாரணக் கிதாருக்கு வயிறு உண்டு. கம்பியின் அதிர்வை வாங்கிப் பெருக்கி வெளியே விடுவது அந்தக் குடமும் வயிறும்தான். மின்சாரக் கிதாரோ பெரும்பாலும் கெட்டியான மரக்கட்டை. மின்சாரம் இல்லாமல் மீட்டினால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது.

கம்பிகளுக்கு அடியில் 'பிக்கப்' என்று ஒன்று இருக்கும். காந்தம் ஒன்று, அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி 5,000 முதல் 10,000 சுற்று வரை. மேலே உள்ள எஃகுக் கம்பி ஆடும்போது காந்தப் புலம் அசைகிறது. புலம் அசைந்தால் செப்புச் சுற்றில் சிறிதளவு மின்சாரம் பிறக்கிறது. சைக்கிளில் டைனமோ விளக்கை எரிய வைக்கிற அதே தத்துவம்தான். நைலான் கம்பியைக் காந்தம் அறியாது. ஆகவே இந்தக் கிதாருக்கு எஃகு அல்லது நிக்கல் கலந்த கம்பியே வேண்டும்.

1932இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து இப்படியொரு கிதார் விற்பனைக்கு வந்தது. ஜார்ஜ் பூசாம்ப் என்பவரின் யோசனை. ரிக்கன்பேக்கர் என்பவரின் தொழிற்சாலை. வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் ஜனங்கள் அதற்கு 'வாணலி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்போது யாரும் புதிய குரல் ஒன்றைத் தேடவில்லை. நடனக் குழுக்களில் டிரம்பெட்டும் முரசும் முழங்கும்போது கிதார் காதில் விழவில்லை. அதை விழவைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

அந்தக் காலத்து ஆம்ப்ளிபையர் ரேடியோப் பெட்டிக்கு அண்ணன் தம்பி முறை. உள்ளே வால்வுகள். ஓர் எல்லை வரை வால்வு கொடுத்ததை அப்படியே பெருக்கும். எல்லை தாண்டித் திருகினால் அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். வெட்டுப்பட்ட அலையில் மூலச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் கிளம்புகின்றன. மந்தரத்தில் 110 அதிர்வுள்ள ஒரு சுரத்தை மீட்டினால் 220, 330, 440 என்று ஒரு கூட்டமே பலமாக எழும். காதுக்கு அது கரகரப்பு. எஞ்சினீயர்களுக்கு அது பழுது. ரேடியோ நிலையத்தில் இப்படி ஒரு சத்தம் வந்தால் கருவியை ரிப்பேருக்கு அனுப்புவார்கள்.

பழுதுக்கு வந்த யோகம்

கிதாரின் சரித்திரத்தில் விசித்திரமான பகுதி இனிமேல்தான் வருகிறது. 1951இல் மெம்பிஸ் நகரில் 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்ய வந்த குழுவின் ஆம்ப்ளிபையர் வழியில் சேதமடைந்துவிட்டது. பதிவாளர் சாம் பிலிப்ஸ் கிழிந்த ஒலிபெருக்கிக் கூம்பில் காகிதத்தை அடைத்துவிட்டு, 'வாசியுங்கள்' என்றார். அந்த உறுமல் அப்படியே இசைத்தட்டில் ஏறியது. 1958இல் லிங்க் ரே என்பவர் வேண்டுமென்றே தம் ஒலிபெருக்கியைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார். 1964இல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் சவர பிளேடால் கூம்பைக் கீறினார். பணம் கொடுத்து வாங்கிய பொருளை இப்படிப் பாழாக்குவதைப் பார்த்த தகப்பனார்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது யூகத்துக்குரியது!

ஒவ்வொருவரும் கூம்பைக் கிழித்துக்கொண்டிருக்க முடியுமா? நாஷ்வில் நகரில் ஒரு பாட்டின் பதிவில் கலவை மேசையின் ஒரு வழி கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார் வண்டு முரல்வதுபோல் ஒலித்தது. பதிவு எஞ்சினீயர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதைத் தூக்கி எறியாமல், அதே சத்தத்தை மூன்று டிரான்சிஸ்டர்களால் செய்துகாட்டும் பெட்டி ஒன்றைக் கூட்டாளி ஒருவருடன் அமைத்தார். கிப்சன் நிறுவனம் 1962இல் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் விற்றது. காலால் மிதித்தால் பழுது. மறுபடி மிதித்தால் சுத்தம். முதலில் வாங்குவாரில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு பாட்டில் அதை மிதித்தார். எக்காளங்கள் வாசிக்கவேண்டிய இடத்துக்கு ஓர் அடையாளமாகத்தான் அவர் அதை வாசித்து வைத்தார். எக்காளம் வரவேயில்லை, பெட்டி ஒலித்தபடியே இசைத்தட்டு வெளியாயிற்று. கடைகளில் பெட்டிகள் தீர்ந்துபோயின.

இந்தக் கரகரப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. மீட்டிய கம்பியின் சத்தம் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆனால், உச்சி வெட்டப்பட்ட அலையில் அந்தத் தேய்வு வெகுநேரம் தெரிவதில்லை. வெட்டுக் கோட்டுக்குக் கீழே இறங்கும்வரை சத்தம் ஒரே மட்டத்தில் நிற்கிறது. தட்டி எழுப்பும் வாத்தியமாக இருந்த கிதார், ஊதி இழுக்கும் நாகசுரத்தைப்போல் நீண்டு ஒலிக்கத் தொடங்கியது இதனால்தான்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. பலத்த டிஸ்டார்ஷனில் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து மீட்டினால் அவற்றின் உபசுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே மோதாமல் நிற்கும். 'பவர் கார்ட்' என்று இளைஞர்கள் பெருமையாகச் சொல்வது இந்த இரண்டு சுரங்களைத்தான். தம்புராவில் நாம் அன்றாடம் கேட்கும் சேர்க்கை அல்லவா!

வா-வா முதல் எதிரொலி வரை

ஃபஸ் பெட்டிக்குப் பிறகு விதவிதமான பெட்டிகள் வந்தன. 1960களின் நடுவில் பிறந்த 'வா-வா' பெடல் யாரையும் அழைப்பதில்லை. பாதத்தை முன்னும் பின்னும் சாய்க்கச் சாய்க்க, ஒலியில் ஒரு பகுதி மட்டும் மேலேறிக் கீழிறங்கும். வாய் திறந்து மூடுகிற தோற்றம் தரும். 'கோரஸ்' பெட்டி ஒலியை இரண்டாக்கி, ஒன்றை இம்மி பிந்தவிட்டு, அந்தப் பிந்தலையும் லேசாக ஆட்டும். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிற பிரமை உண்டாகும். 'டிலே' என்பது எதிரொலி. முன்பு காந்த நாடாவைச் சுழலவிட்டு எடுத்தார்கள். இன்று சிறு சில்லு அதைச் செய்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. எனவே 0.3 வினாடி எதிரொலி என்றால் 50 மீட்டருக்கு அப்பால் ஒரு மலைச்சுவர் நிற்கிறது என்று கொள்ளலாம். நிமிஷத்துக்கு 120 அடி போகும் பாட்டில் எதிரொலியை அரை வினாடிக்கு வைத்தால் தாளத்தோடு சேர்ந்து விழும். அதைக் கணக்கிடாமல் வைத்தால் எதிரொலி தாளத்தை இடறிவிடும்; மிருதங்கக்காரராக இருந்தால் எழுந்து போயிருப்பார்.

பெட்டிகளின் வரிசையும் முக்கியம். தாளித்துவிட்டுக் குழம்பில் கொட்டுவதும், குழம்பைக் கொதிக்கவிட்டு அதில் பச்சைக் கடுகைப் போடுவதும் ஒன்றாகுமா? கிதாரிலிருந்து வரும் ஒலி முதலில் வா-வாவுக்கும், பிறகு கரகரப்புப் பெட்டிக்கும், அதன்பின் கோரஸுக்கும், கடைசியில் எதிரொலிக்கும் போவது பொதுவான முறை. எதிரொலியை முன்னால் வைத்துக் கரகரப்பைப் பின்னால் வைத்தால், தேய்ந்து மறையவேண்டிய எதிரொலிகளையும் அது தூக்கி நிறுத்தி ஒரே கூழாக்கிவிடும். வேண்டுமென்றே அப்படி வைக்கிறவர்களும் உண்டு. அது ருசி சம்பந்தப்பட்ட விஷயம்.

நம் நாட்டில் 1960களிலேயே சினிமாப் பாட்டில் மின்சாரக் கிதார் புகுந்துவிட்டது. இளையராஜா இசையமைப்பாளராவதற்கு முன் ஜி. கே. வெங்கடேஷின் குழுவில் கிதார் வாசித்தவர். அதற்கும் முன் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடை ஏறியவர். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபிறகு அவர் பாட்டுகளில் கிதாரும் பேஸ் கிதாரும் பாடகருக்குச் சமமாகப் பேசின. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் நிலாப் பாட்டில் வருவது கரகரப்பு இல்லாத, தெளிந்த கிதார். மேடையில் அதை வாசிக்கும்போது எல்லாப் பெட்டிகளையும் அணைத்துவிட்டு, ஓர் எதிரொலியை மட்டும் சன்னமாக வைத்துக்கொள்வது உசிதம். எதை அணைப்பது என்று தெரிந்தவரே நல்ல கிதார்காரர்.

மின்சாரம் தந்த கமகம்

இந்த இடத்தில் கிதாருக்கு உறவான ஒரு வாத்தியத்தைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. ஆந்திர மாநிலம் பாலகொல்லில் 1969இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் சிறு பையனாக மாண்டலினைக் கையில் எடுத்தார். மாண்டலினில் நான்கு ஜோடிகளாக எட்டுக் கம்பிகள். ஜோடிக் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பது கடினம். பிடித்தாலும் சத்தம் நிற்பதில்லை, 'டிங்' என்று தேய்ந்துவிடும். கர்நாடக சங்கீதத்துக்குச் சுரம் நின்று அசையவேண்டுமே! ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினுக்கு மாறினார். ஜோடிகளை நீக்கி ஐந்து ஒற்றைக் கம்பிகளை வைத்துக்கொண்டார். பிக்கப்பும் ஆம்ப்ளிபையரும் சுரத்துக்கு ஆயுள் தந்தன. ஒற்றைக் கம்பி விரலுக்கு வளைந்து கொடுத்தது. 1981இல் சென்னை டிசம்பர் விழாவில் வாசித்த அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் உலகமெல்லாம் போய்ப் பேரெடுத்தார். 2014 செப்டம்பர் 19ஆம் தேதி தம் 45ஆம் வயதில் காலமானார்.

அவர் ஆம்ப்ளிபையரைக் கொண்டு வேறொருவரின் ஒலியை நகல் எடுக்கவில்லை. தமக்கு வேண்டிய சுரம் இன்னது என்று முதலில் தீர்மானித்து, அதற்கேற்ப மின்சாரத்தை வேலை வாங்கினார். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் எஞ்சினீயரிங் படித்த ஆர். பிரசன்னா, மின்சாரக் கிதாரிலேயே கிருதிகளை வாசித்தார். 2006இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக 'எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்' என்ற தொகுப்பையும் வெளியிட்டார். கரகரக்கும் கிதாரும் நம் தாள வாத்தியங்களும் அதில் ஒன்றாகப் போகின்றன. கேட்டுவிட்டு முகம் சுளிப்பவர்களும் இருக்கலாம். ஆனால், இழுத்து நிற்கும் கரகரப்புச் சுரத்தில் கமகம் எவ்வளவு துலக்கமாக விழுகிறது என்பதை அவர்களும் மறுக்கமுடியாது.

மேடையில் காணாமற்போகும் கண்ணி

பெட்டிகள் எல்லாம் இருந்தும் பாவூர்சத்திரத்து மேடையில் கிதார் தகரமாக ஒலிப்பது ஏன்? பெரும்பாலும் காரணம் கடைசிக் கண்ணியில் இருக்கிறது. இசைத்தட்டில் கேட்கிற கிதார், ஆம்ப்ளிபையரின் 12 அங்குல ஒலிபெருக்கியில் ஒலித்து, அதன் முன்னால் வைத்த மைக்கில் பதிவானது. கிதாருக்கென்று செய்த அந்த ஒலிபெருக்கி சுமார் 5,000 அதிர்வுகளுக்கு மேல் ஒலியைப் பெரும்பாலும் விடாது. கரகரப்பின் கூரிய முட்களை அதுதான் மழுக்குகிறது. வாக்ஸ் ஏ.சி.30 போன்ற வால்வு ஆம்ப்ளிபையர் 30 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி-தென்காசி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் சண்டைதான். ஆகவே கிதார்காரர் பெட்டியிலிருந்து வயரை நேரே மைக் செட்காரரின் மிக்ஸரில் சொருகிவிடுகிறார். மைக் செட்டின் பெரிய பெட்டிகளோ 15,000 அதிர்வுகளுக்கும் மேலே தாராளமாக விடக்கூடியவை. முட்கள் அத்தனையும் மழுங்காமல் வெளியே வருகின்றன. குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரிச் சத்தம்!

பரிகாரம் சுலபம். இன்றைய 'மல்ட்டி எபெக்ட்ஸ்' பெட்டிகளில் ஒலிபெருக்கியின் குணத்தை அப்படியே நடித்துக்காட்டும் 'கேபினட்' என்ற அமைப்பு உண்டு. மிக்ஸருக்குப் போகும்போது அதைப் போட்டுவிட வேண்டும். உண்மையான ஆம்ப்ளிபையருக்குப் போகும்போது அணைத்துவிட வேண்டும். மறந்தால் இரண்டு முறை மழுங்கி, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும்.

வீட்டில் மெதுவாக வைத்துத் திருத்திய ஒலி மேடையில் மாறிவிடுவதும் உண்டு. சத்தம் குறையும்போது மனிதக் காது மந்தர ஒலியையும் கூரிய ஒலியையும் குறைவாகவே உணர்கிறது என்று அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தார் பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். வீட்டில் காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று அந்த இரண்டையும் திருகிக் கூட்டிவைப்பவர், மேடையில் ஒரே இடிமுழக்கமும் கீச்சலுமாகத் தவிப்பார்.

சத்தத்தைக் கூட்டவும் முன்போல் சுதந்திரம் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். விடியுமுன் காய்கறிச் சந்தைக்குப் போகவேண்டிய வியாபாரிகள் தூங்குகிற ஊரில் அது நியாயம்தான். வால்வைத் திணறடிக்கும் அளவுக்கு ஆம்ப்ளிபையரைத் திருகாமலே அந்தத் திணறலைக் குறைந்த சத்தத்தில் தருவதால், பெடலுக்கு இங்கே கூடுதல் மதிப்பு.

இரைச்சலும் எர்த்தும்

கொடை மேடையில் இன்னொரு தொந்தரவு, 'ம்ம்ம்' என்ற இரைச்சல். சுற்றிலும் சீரியல் விளக்கு, டியூப் லைட், ஜெனரேட்டர். ஒற்றைச் சுருள் பிக்கப், கம்பியின் அசைவோடு இவற்றின் 50 சைக்கிள் மின்சாரத்தையும் சேர்த்தே வாங்கிவிடும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, இரைச்சல் மட்டும் தன்னைத் தானே அழித்துக்கொள்ளச் செய்தார். அந்த இரட்டைப் பிக்கப் உள்ள கிதார் திருவிழாவுக்கு ஏற்றது. வாசிப்பவர் சற்றுத் திரும்பி நின்றாலே பாதி குறைவதும் உண்டு.

அப்படியும் குறையாதபோது மேடைக்குப் பின்னால் ஒரு பேச்சு நடக்கும்.

"அண்ணாச்சி, இரைச்சல் நிக்கவே மாட்டேங்கு."

"எர்த்துல வருது தம்பி. பிளக்குல அந்தப் பெரிய பின்னைக் கழத்திரு, நின்னுரும்."

இரைச்சல் நின்றுவிடும் என்பது பல சமயம் உண்மை. ஆனால், அந்த யோசனையைப் போல் ஆபத்தானது வேறில்லை. கிதாரின் கம்பிகள் ஆம்ப்ளிபையரின் உலோகக் கூட்டோடு இணைந்தவை. மைக்கின் உலோக முகம் மிக்ஸரின் கூட்டோடு இணைந்தது. எர்த் இருக்கும்வரை இரண்டும் பூமியோடு சமம். எர்த்தைப் பிடுங்கிய ஆம்ப்ளிபையருக்குள் ஒரு வயர் கசிந்துவிட்டால் 230 வோல்ட்டும் கம்பிகளில் வந்து நிற்கும். கை கம்பியில், உதடு மைக்கில். நடுவே இருப்பது மனிதனின் நெஞ்சு. பிரிட்டனில் ஸ்வான்சி நகரில் 1972 மே 3ஆம் தேதி லெஸ் ஹார்வி என்ற கிதார்காரர் ரசிகர்களின் கண் முன்னே, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். 1976இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ப் வீட்டில் மின்சாரக் கிதார் வாசிக்கையில் இப்படித்தான் மாண்டார்.

குற்றாலச் சாரல் ஆடி மாதத்தில் காற்றோடு இங்கேயும் வந்துவிடுகிறது. மேடைப் பலகை ஈரம், விரிப்பு ஈரம், சில குழுக்களில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் வழக்கம் வேறு. ஆகையால் கிதாருக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து, மூன்று பின் இணைப்பில் மின்சாரம் எடுக்கவேண்டும். ஜெனரேட்டருக்குத் தரையில் எர்த் கம்பி இறக்கவேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் காப்புச் சுவிட்சை மேடைப் பலகையில் மாட்டவேண்டும். பாடத் தொடங்குமுன் கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்க அரை நிமிஷம் போதும். இரைச்சலைப் போக்க 'டி.ஐ.' பெட்டி என்று ஒன்று விற்கிறது. அதில் உள்ள சிறு சுவிட்ச், ஒலி போகும் வயரின் எர்த்தை மட்டுமே விலக்கும். மின்சார எர்த் இருந்த இடத்திலேயே இருக்கும். நாலு பெடல் வைத்திருக்கிறவர் ஐந்தாவதாக எதை வாங்கலாம் என்று கேட்டால், இதைத்தான் வாங்கவேண்டும்.

பெடல்களுக்கு மின்சாரம் தருவதிலும் கவனம் தேவை. பெரும்பாலானவை 9 வோல்ட்டில் ஓடுபவை. பிளக்கின் உள்முனை நெகட்டிவ். அவசரத்தில் கீபோர்டின் 12 வோல்ட் அடாப்டரை எடுத்துச் சொருகினால், உள்முனை பாசிட்டிவாக இருக்கும் பட்சத்தில், கச்சேரிக்கு நடுவே ஒரு கருகல் வாசனையோடு பெடலின் ஆயுள் முடிந்துவிடக்கூடும். பேட்டரி போட்டு வாசிப்பவர்கள் கச்சேரி முடிந்ததும் பெடலின் உள்வாங்கும் துளையிலிருந்து வயரை உருவிவிட வேண்டும். அந்தத் துளைதான் பேட்டரிக்குச் சுவிட்ச். பெடலை அணைத்துவிட்டு, வயரை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனால், ஆலங்குளத்திலோ கீழப்பாவூரிலோ அடுத்த கொடைக்குப் போய் மிதிக்கும்போது சத்தம் வராது.